எல்லாப் பழியும் பேட்டரி மேலே

கோல்ஃப் பக்கி வைத்திருப்பவர் யாராவது "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று சொன்னால் போதும். எதிரே நிற்பவர் சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "பேட்டரி போச்சு, மாத்திடுங்க." பேட்டரி கடைக்காரர் அதைத்தான் சொல்கிறார். ஃபோர்மேன் அதைத்தான் சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதையேதான் சொல்கிறார். மாற்றினால் கொஞ்ச நாள் ஓடுகிறது, மறுபடி படுத்துவிடுகிறது. ஏன் படுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. வயிறு எரிவது இதற்காகத்தான்.

ஜொகூரில் கோல்ஃப் மைதானங்களுக்குக் குறைச்சல் இல்லை. இஸ்கந்தர் புத்ரி ஹொரைசன் ஹில்ஸ் முதல் டெசாரு கரையோரம் வரை வார இறுதியில் சிங்கப்பூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள். அங்கே உழைத்துத் தேய்ந்த பெட்ரோல் பக்கிகள், மைதானம் மின்சார வண்டிக்கு மாறும்போது கைமாறி வெளியே வருகின்றன. டுரியான் தோப்பு, மீன் குளம், கோயில் வளாகம், எங்களைப் போன்றவர்களின் சின்னச் செம்பனைத் தோட்டம் என்று அவற்றுக்கு இரண்டாம் வாழ்க்கை கிடைக்கிறது. பின்னால் கோல்ஃப் பை வைக்கும் இடத்தில் இரும்புத் தட்டு ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் நாலைந்து குலைகளைச் சுமந்துகொண்டு மண் பாதையில் நன்றாகவே போகும். முதுகு ஒடிய வீல்பேரோ தள்ளிய காலத்தை நினைத்தால் அது பெரிய வரம். அந்த வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாயே வராது.

குறை அதன் எஞ்சின் தேயும்போது தொடங்குகிறது. புகை கக்க ஆரம்பித்ததும் பழைய எஞ்சினுக்கு பிஸ்டன், ரிங் தேடி அலைவதைவிட, தண்ணீர் பம்பிலும் ஜெனரேட்டரிலும் போடுகிற சீனத்து எஞ்சினை இறக்கிவிடலாம் என்பார்கள். 1983-இல் ஹோண்டா தொடங்கிய ஜிஎக்ஸ் வரிசையின் 389 சிசி எஞ்சினைப் பார்த்துச் செய்த நகல்கள் அவை. 420 சிசி ஒன்று எளிதாகக் கிடைக்கிறது, விலையும் கைக்கு எட்டுகிறது. யோசனையில் பிழை இல்லை. பழைய எஞ்சினைவிட இழுவை கூடுதல், உதிரி எங்கும் கிடைக்கும். விற்பவர் எத்தனை குதிரைசக்தி என்று சொல்வார், எண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சொல்வார். பேட்டரிக்கு இது எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். கேட்டால், "எலெக்ட்ரிக் ஸ்டார்ட் இருக்கு போஸ், ஓகே" என்கிறார். ஸ்டார்ட் செய்வது வேறு, சார்ஜ் செய்வது வேறு என்பதை இத்தனை வருஷம் எஞ்சின் விற்கிறவருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய பெட்ரோல் பக்கியில் இவை இரண்டும் ஒரே உருளைக்குள் இருந்தன. சீட்டைத் தூக்கினால் எஞ்சின் ஓரத்தில், கிட்டத்தட்ட ஒரு பெரிய பால் டின் அளவுக்கு, கறுப்பு நிறத்தில் கிடக்குமே, அதுதான் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர். பல பக்கிகளில் ஹிட்டாச்சி என்று பெயர் பொறித்திருக்கும். கால் மிதியை அழுத்தியதும் சோலினாய்டு "டக்" என்று அடைக்கும். உருளை மோட்டாராகச் சுழன்று பெல்ட் வழியாக எஞ்சினை எழுப்பும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே பெல்ட் உருளையைச் சுற்றும். அது ஜெனரேட்டராக மாறி ரெகுலேட்டர் வழியாக பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று போக வேண்டிய கோல்ஃப் மைதானத்துக்கென்றே அமைத்த ஏற்பாடு இது. ஒரே கருவி எழுப்பவும் சார்ஜ் ஏற்றவும் செய்வது புதிய யோசனையும் கிடையாது. சார்ல்ஸ் கெட்டரிங் 1912 மாடல் காடிலாக் காருக்குச் செய்துகொடுத்த மின் ஸ்டார்ட்டரே இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ததுதான். நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி.

எங்கள் வண்டியில் எஞ்சினைக் கழற்றியபோது அந்த உருளையும் பெல்ட்டும் ரெகுலேட்டரும் சேர்ந்தே கழன்று பட்டறை மூலைக்குப் போய்விட்டன. புது எஞ்சினுக்குத் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இருக்கிறது. பல்லை நீட்டி ஃப்ளைவீலைச் சுற்றிவிட்டு உள்வாங்கிக்கொள்ளும். எழுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. எடுத்த மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க இப்போது யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை பட்டறையில் யாருமே கேட்கவில்லை.

தோட்ட வேலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். செம்பனை மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் இடைவெளி. நாலு மரம் தள்ளி நின்றால் 36 மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அது 13 விநாடிப் பயணம். நிற்கும்போது எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். மேலே குலையை வெட்டுகிறவர் விழப் போகிறது என்று குரல் கொடுப்பார். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால் கீழே இருப்பவர் காதில் அது விழாது. இருபது கிலோ குலை தலைமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆகவே அணைக்கிறோம், மறுபடி ஸ்டார்ட் செய்கிறோம். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் வீதம் இரண்டு விநாடி இழுக்கிறது என்று வைத்தால் 200 ஆம்பியர் விநாடி போகிறது. இந்த வகை எஞ்சின்களில் சார்ஜ் ஏற்ற வருகிற சின்னச் சுருள் 3 ஆம்பியர் கொடுத்தால், 13 விநாடியில் 39 திரும்ப வரும். எடுத்தது 200, கட்டியது 39. அந்தச் சுருளும் இணைக்கப்படாமல் கிடந்தால் கட்டியது சுழியம். இதில் பேட்டரியின் குற்றம் எங்கே இருக்கிறது?

நாங்கள் போடுவது என்எஸ் 40 பேட்டரி, கஞ்சில் காருக்கும் மைவி காருக்கும் போடுகிற அதே 35 ஆம்பியர் மணி சாமான். ஈய பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்து அப்படியே போட்டுவைத்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஜொகூர் வெயிலில், சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில், சீட்டுக்கு அடியில் வேகிற பேட்டரிக்கு ஆயுள் ஏற்கெனவே குறைச்சல். அதைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு, வாரண்டிக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் டெஸ்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "இது காலியாக விட்டதால் போனது, தயாரிப்புக் குறை இல்லை" என்று திருப்பித் தள்ளுகிறார். அவர் சொல்வதும் நியாயம்தான், அதுதான் இன்னும் கடுப்பு. ஒவ்வொரு முறையும் 200 வெள்ளியை ஒட்டிக் கைவிட்டுப் போகிறது. செத்த பேட்டரிகள் கொட்டகை ஓரத்தில் அடுக்கி நிற்கின்றன. அவை பழைய பேப்பர் லோரிக்காரரிடம் சில்லறைக்குத் தள்ளிவிடுகிற சாமானும் அல்ல. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் ஈய பேட்டரிக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 102 என்று தனி எண்ணே இருக்கிறது. ஈயமும் அமிலமும் மண்ணில் இறங்கினால் யாருடைய கிணற்றுக்குப் போகும்? மூன்று ஆம்பியர் வயரை ஒழுங்காக மாட்டாததற்கு இத்தனை விலை.

மாட்டவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும், அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரி முனையில் 12.3 வோல்ட். எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் வேகமும் கொடுத்துப் பார்த்தால் அப்போதும் அதே 12.3. சார்ஜ் ஏறுகிற வண்டியில் அது பதிமூன்றரையைத் தாண்டியிருக்க வேண்டும். ஆக, ஒரு சொட்டும் ஏறவில்லை. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். ஃப்ளைவீல் மூடியின் கீழிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் வெளியே வந்து, சட்டத்தோடு சேர்த்து கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தன. டேப் மேல் செம்மண் படிந்து காய்ந்திருந்தது. அதாவது, எஞ்சின் ஏறிய முதல் நாளிலிருந்தே அவை அப்படித்தான் கிடக்கின்றன. டேப்பை உரித்து, மீட்டரை ஏசி பக்கம் திருப்பி, முனைகளில் வைத்து ஸ்டார்ட் செய்தால் எண் 20-ஐத் தாண்டித் துள்ளுகிறது. சுருள் உயிரோடு இருக்கிறது, வேலை செய்யத் தயாராக இருக்கிறது. பேட்டரி பேட்டரியாக நாங்கள் புதைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அது காற்றில் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தம்பி, இது என்ன வயர்?"

"அது லைட்டு வயர் அங்கிள். நமக்குத் தேவையில்லேன்னு கட்டி வச்சேன்."

"அப்போ பேட்டரிக்கு எது சார்ஜ் கொடுக்குது?"

கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேட்டரி நல்ல பிராண்டா போட்டா தாங்கும் அங்கிள்."

நல்ல பையன், வெல்டிங்கில் கைதேர்ந்தவர். அவருக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எஞ்சின் பெட்டிக்குள் வந்த காகிதத்தில் சீன எழுத்தும் அரைகுறை ஆங்கிலமும்தான். எஞ்சினோடு ஒரு சாவிப் பெட்டி வந்திருந்ததாம். பக்கியில் ஏற்கெனவே சாவி இருக்கிறதே என்று அதைக் கழற்றி வீசியிருக்கிறார். அதற்குள்தான் ரெக்டிஃபையர் இருந்தது. சுருளிலிருந்து வருவது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் ஏசி. பேட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் டிசி வேண்டும். நடுவில் நின்று திசையைத் திருத்துவது அந்தச் சின்னக் கட்டை. அதைக் குப்பையில் போட்டால் வயர் எதற்கு என்று யாருக்குத்தான் புரியும்?

சரி, இனி என்ன செய்யலாம் என்று விசாரிக்கக் கிளம்பினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முழுக்கச் சொல்பவர் யாரும் இல்லை. நான் கேட்டும் படித்தும் அறிந்தவரை இங்கே வைக்கிறேன், என்னைப் போல அலைகிறவர்களுக்கு உதவட்டும்.

பழைய ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரையே புது எஞ்சினோடு சேர்த்துவிடுவதுதான் என் மனசுக்குப் பிடித்த வழி. காலை மிதித்தால் எழும், எடுத்தால் அணையும் என்கிற சுகம் அப்படியே மிஞ்சும். ஆனால் இந்த எஞ்சின்களுக்கு ஒரு பக்கம்தான் தண்டு வெளியே நீள்கிறது. அதில் ஏற்கெனவே கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது. கிளட்சுக்குப் பின்னால் ஒரு புல்லியைப் புகுத்த வேண்டும், உருளையைத் தாங்க பிராக்கெட் அடிக்க வேண்டும், பெல்ட் நேர்கோட்டில் ஓட வேண்டும், சுழலும் திசையும் ஒத்துவர வேண்டும். நாள்கணக்கில் சும்மா கிடந்த உருளையில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். உள்ளே மிச்சமிருந்த காந்தம் மங்கியிருந்தால் பேட்டரியிலிருந்து ஃபீல்டுக்கு ஒரு கணம் மின்சாரம் தொட்டுக் காட்டி மறுபடி எழுப்ப வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய ஒரு லேத் பட்டறைக்காரர் வேண்டும். "எஞ்சின் மாத்துற காசுல பாதி ஆகும்" என்கிறார்கள். கழற்றும்போதே செய்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதே!

அடுத்தது ஃப்ளைவீலுக்குள் பெரிய சுருள். இதே வரிசை எஞ்சின்களில் 10, 18 ஆம்பியர் சுருள் உள்ளவையும் உண்டு. 18 ஆம்பியர் இருந்தால், முன்னே போட்ட கணக்கில் 13 விநாடிக்கு 234 திரும்பும், எடுத்த 200-ஐச் சரிக்கட்டிவிடும். ஆனால் சுருளை மட்டும் வாங்கி மாட்ட முடியாது. அதற்கேற்ற காந்தங்கள் உள்பக்கம் பதித்த ஃப்ளைவீலும், சீப்புப் பற்கள் போன்ற அலுமினிய முதுகுள்ள ரெகுலேட்டரும் சேர்ந்து வர வேண்டும். ரெகுலேட்டரை எஞ்சின் சூட்டில் அமுக்கிவைத்தால் எரிந்துபோகும். காற்று படும் இடத்தில், சட்டத்தோடு நல்ல எர்த் கிடைக்கும்படி முறுக்க வேண்டும். எஞ்சின் வாங்கும்போதே "எத்தனை ஆம்பியர் சுருள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம் இது. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் என் ஆத்திரமே.

கஞ்சில் ஆல்டர்னேட்டரைப் போடு என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஹாஃப் கட் உதிரிக் கடைகளில் அது மலிவு, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது, விளக்கு, ஹாரன், ரேடியோ எதையும் தாங்கும். இடம்தான் பிரச்சினை, மறுபடி அதே புல்லி, அதே பிராக்கெட் கதை. முழுச் சுமையில் எஞ்சினிடமிருந்து ஒரு குதிரைசக்திக்கு மேலேயே பிடுங்கிக்கொள்ளவும் செய்யும். விளக்கு நிறைய எரிகிற ரிசார்ட் வண்டிக்கு அது சரி. தோட்டத்துக்கு அதிகம்.

வீட்டில் பிளக்கில் சொருகி ராத்திரி சார்ஜ் ஏற்றுங்கள் என்கிறவர்களுக்கு ஒரே கேள்வி: தோட்டக் கொட்டகைக்கு டிஎன்பி மின்கம்பி வந்திருக்கிறதா? பேட்டரியைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் கட்டி வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தூக்கியலைய அறுபதைத் தாண்டிய இடுப்பு ஒத்துழைக்காது. பக்கிக் கூரையில் 50 வாட் சோலார் தகடு போடலாம். நல்ல வெயில் நாளில் 35 ஆம்பியர் மணி பேட்டரியின் மூன்றில் ஒரு பங்கையாவது அது நிரப்பும். ஆனால் முற்றிய செம்பனைக்குக் கீழே வெயில் ஏது? ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வானமே தெரியாது.

எதுவும் வேண்டாம், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள் என்றும் சொன்னார்கள். 420 சிசி எஞ்சின் கயிற்றை இழுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. எஞ்சின் சுழன்றால்தான் பிடிக்கிற பெல்ட் கிளட்ச் அது, எத்தனை பேர் தள்ளினாலும் சக்கரம்தான் உருளும். தோட்டத்தின் கடைக்கோடியில், மழை இறங்குகிற நேரத்தில், தட்டு நிறையக் குலையோடு வண்டி படுத்துக்கொண்டால் குலையை இறக்கி வீல்பேரோவில்தான் தள்ள வேண்டும். அறுத்த பழத்தை ஆலைக்கு நேரத்தோடு அனுப்பாவிட்டால் தரம் குறைத்து விலை வெட்டுவார்கள். இந்த இடிகளெல்லாம் வந்து விழுவது எஞ்சின் விற்றவர் தலையில் இல்லை.

ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றால், இதில் எதுவுமே ராக்கெட் விஞ்ஞானிக்கான வேலை இல்லை. எஞ்சின் பெட்டி மேல் "சார்ஜிங் 3 ஆம்பியர்" என்று ஒரு வரி அச்சடிக்கலாம். சாவிப் பெட்டிக்குள் ரெக்டிஃபையர் இருக்கிறது, வீசாதே என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். பட்டறையில் வண்டியை ஒப்படைக்கும் முன் மீட்டரை வைத்து, ஓடும்போது எத்தனை வோல்ட் என்று வாடிக்கையாளரிடம் காட்டலாம். அரை நிமிஷ வேலை. பேட்டரி விற்கிறவர் ஒரே வண்டிக்கு மறுபடி மறுபடி பேட்டரி கேட்டு வருகிறவரிடம், "சார்ஜ் ஏறுதான்னு பார்த்தீங்களா?" என்று கேட்கலாம். இத்தனை பேர் கை மாறி வந்த வண்டியில் ஒருவராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கொட்டகை ஓரத்தில் அத்தனை பேட்டரி அடுக்கியிருக்காது.

இப்போதைக்கு ஒரு ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை வாங்கி அந்த இரண்டு வயரையும் அதில் சேர்த்தாயிற்று. வெறும் டயோடு போதும் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரி நிறைந்த பிறகும் கட்டுப்பாடில்லாமல் ஏறிக்கொண்டிருந்தால் தண்ணீர் வற்றி, இந்தச் சூட்டில் அது வேறு விதமாகச் சாகும். மீட்டரில் இப்போது 13.7 வருகிறது. முன்விளக்கு இரண்டையும் போட்டால் சட்டென்று 12.4-க்கு இறங்கிவிடுகிறது. ஒவ்வொன்றும் 35 வாட் பல்பு, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 6 ஆம்பியர் கேட்கின்றன. சுருளால் முடிந்தது 3. அதனால் எல்இடி பல்பு வாங்க வேண்டும். அறுவடை நாளில் நின்று நின்று போவதற்கு இந்த 3 போதவே போதாது என்பது மேலே போட்ட கணக்கிலேயே தெரிகிறது. ஆகவே பட்டறை மூலையில் கிடக்கும் பழைய உருளையைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். "இரும்புக் கடைக்குப் போட்டுட்டேனான்னு பார்த்துச் சொல்றேன் அங்கிள்" என்றிருக்கிறார் தம்பி.